மோடம் நீளமான கம்பி அல்ல

பம்ப்பின் மோட்டார் தரையில் பிரித்துக் கிடந்தது. ரோட்டார் ஒரு சாக்கின் மேல், பேரிங்குகள் இன்னொரு சாக்கின் மேல். ஃபிட்டர் கிரீஸ் படிந்த கையோடு அதன் முன்னே குந்தியிருந்தார். பக்கத்து அறையின் திரையிலோ அதே பம்ப் மணிக்கு 38.4 கன மீட்டர் தண்ணீரை ஆர்ஓ சவ்வுகளுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு வேறு. விடியற்காலை நாலு மணி முதல் 38.4. ஒரு புள்ளி கூடவில்லை, குறையவில்லை. ஓடுகிற தண்ணீர் எதுவும் ஏழு மணி நேரம் தசமம் மாறாமல் ஓடாது. மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆன்லைன்லதானுங்களே இருக்குது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். ஃப்ளோ மீட்டரும், இயந்திரங்களை ஓட்டும் சிறு கணினியான பிஎல்சியும் பேனலில் இருந்தன. பேனலுக்குள் ஒரு மோடம், மோடத்துக்குள் ஒரு சிம். எண்கள் டவர் வழியாக எங்கோ ஓர் ஊரிலுள்ள சர்வருக்குப் போய், அங்கிருந்து அந்த அறையின் திரைக்குத் திரும்பி வந்தன. நாலு மணிக்கு மோடம் டவரோடு பேசுவதை நிறுத்திவிட்டது. சர்வர் கடைசியாகக் கிடைத்த எண்ணைப் பிடித்துவைத்துக் காட்டிக்கொண்டே இருந்தது. பத்தடி தூரத்தில் பம்ப் நின்றதும், மோட்டாரைக் கழற்றியதும் திரைக்குத் தெரியாது.

எனக்கு வீடு அமராவதி அணைக்கட்டின் அடிவாரத்தில், அமராவதி நகரில். பிழைப்பு பேனல் வேலை. வாரத்தில் மூன்று நாளாவது உடுமலை வழியாகப் பஸ் பிடித்துத் திருப்பூர்ப் பக்கம் போகிறேன். சாயப்பட்டறைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், நூல் ஆலைகள் என்று எங்கே போனாலும் ஒரே வாக்கியம் காதில் விழுகிறது: "ஒரு மோடத்த வெச்சு சிம்மப் போட்டு உட்ருங்க, அப்புறம் எல்லாம் ஆன்லைன்ல வந்துரும்." பேனல் விற்பவரும், அதை வாங்கும் முதலாளியும், பார்வையிட வரும் அதிகாரியும் இதை நம்புகிறார்கள். ஆற்றோரத்து விவசாயியும்கூட, ஆலைதான் இப்போது ஆன்லைனில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்கிறார். மோடம் என்பது நீளமான கம்பி. கம்பியில் ஓடியது இனிக் காற்றில் ஓடும். வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. இந்தக் கருத்து தவறு என்பதுதான் என் வாதம். தவறு என்றால் சின்னத் தவறு இல்லை. அளக்காததை அளந்ததாக நம்பவைக்கிற தவறு.

மோடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நொய்யல் ஆற்றின் கரையில் நடந்ததை அறிந்த யாரும் கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஆற்றில் 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக எழுந்தது. சில ஆண்டுகளில் அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணையின் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், அதைத் திறந்துவிட வேண்டாம் என்று போராட நேர்ந்தது. நொய்யல் பாசன விவசாயிகளின் சங்கம் நீதிமன்றம் போனது. சாயக்கழிவில் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாவற்றையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. வேலை போய் ஊருக்குப் பஸ் ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காங்கேயம் பக்கம் கிணற்று நீர் உப்பாகித் தென்னை கருகியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக் கண்ணீரையும் கண்டவன் என்பதால்தான், அந்தக் கண்ணீருக்குப் பின் வந்த அளவுமானிகள் உண்மை பேச வேண்டும் என்று கேட்கிறேன்.

2014 பிப்ரவரி 5 அன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநில வாரியங்களுக்கு உத்தரவு ஒன்று அனுப்பியது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் 2015 மார்ச் 31-க்குள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவிகளை வைக்க வேண்டும். கழிவையே வெளியே விடவில்லை என்று சொல்லும் ஆலைகள் ஃப்ளோ மீட்டரும் வெப் கேமராவும் வைக்க வேண்டும். நல்ல உத்தரவு. அது வந்த பிறகு மோடம் வியாபாரம் சூடுபிடித்தது. கருவி வாங்கியாயிற்றா, சிம் போட்டாயிற்றா, சர்வரில் எண் தெரிகிறதா என்ற மூன்று கேள்வியோடு பெரும்பாலான இடங்களில் காரியம் முடிந்தது. அந்த எண் எப்போது அளந்த எண் என்று யாரும் கேட்கவில்லை.

கம்பிக்கும் டவருக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். இந்தப் பக்கத்து மீட்டர்களும் பிஎல்சிகளும் பெரும்பாலும் பேசுகிற மொழி மோட்பஸ். 1979-இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக உருவாக்கியது. ஒரே ஆலைக்குள் ஒரு ஜோடிக் கம்பியில் ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக வந்த மொழி அது. கேட்டால்தான் பதில், கேட்காமல் எந்த மீட்டரும் வாய் திறக்காது. பதிலில் எண் மட்டுமே இருக்கும். எத்தனை மணிக்கு அளந்தது என்பது இருக்காது, அந்த எண்ணை நம்பலாமா என்பதும் இருக்காது. கேட்பவர் யார் என்று விசாரிக்கவும் அதற்குத் தெரியாது. கம்பியில் இதெல்லாம் குறையே இல்லை. கேட்ட நொடியிலேயே பதில் வருவதால் வந்த நேரமே அளந்த நேரம். கம்பியின் மறுமுனை அதே கட்டிடத்தில் இருப்பதால் அந்நியர் யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

அதே மொழியைத் தூக்கி டவர் மேல் வைத்தால் ஒவ்வொரு நற்குணமும் குறையாகிறது. சீரியல் கம்பியில் ஒரு செய்தி முடிந்தது என்பதை மோட்பஸ் மௌனத்தை வைத்து அறிகிறது: மூன்றரை எழுத்து நேரம் அமைதி இருந்தால் செய்தி முடிந்தது. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் அது ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட். டவர் வழியே போகும் செய்தி துண்டு துண்டாகப் போய்ச் சேருகிறது; இரண்டு துண்டுக்கு நடுவே நூறு மில்லிசெகண்ட் இடைவெளி விழுவது சாதாரணம். பாதிச் செய்தியையே முழுச் செய்தி என்று எண்ணி மறுமுனை தூக்கிப்போடுகிறது. "மீட்டர் சரியில்லீங்க, அப்பப்ப எரர் வருது" என்று என்னைக் கூப்பிடுவார்கள். மீட்டரில் ஒரு கோளாறும் இருக்காது. இதற்காகவே நல்ல மீட்டர்களைக் கழற்றிப் புதிது மாட்டிய இடங்கள் உண்டு.

நேரக் கணக்கும் தப்பிவிடுகிறது. ஒரு நிலையத்தில் 12 மீட்டர்கள் இருக்கின்றன, பழைய 2ஜி மோடம் வழியே ஒரு கேள்வி போய்ப் பதில் வர 0.8 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முடியப் பத்து விநாடி. பரவாயில்லை. சிக்னல் மங்கினால்? பதிலுக்கு மூன்று விநாடி காத்திருந்து மூன்று முறை முயலும்படி சாஃப்ட்வேரை அமைத்திருப்பார்கள். பதில் தராத ஒவ்வொரு மீட்டருக்கும் 9 விநாடி. பன்னிரண்டுக்கும் சேர்த்து 108 விநாடி. ஒரு விநாடி புதுப்பிப்பு என்று விளம்பரத்தில் சொன்ன திரை உண்மையில் இரண்டு நிமிடம் பின்தங்கிக் கிடக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் தொட்டி நிரம்பி வழியலாம்.

பணக் கணக்கு இன்னும் மோசம். ஒரு மீட்டரை விநாடிக்கு ஒருமுறை கேட்டால் கேள்வி, பதில், ஒப்புதல் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 200 பைட். நாளுக்கு 86,400 விநாடி, 17 எம்.பி. மாதத்துக்கு அரை ஜி.பி. பன்னிரண்டு மீட்டருக்கு ஆறு ஜி.பி. அதே மீட்டர்களை உள்ளூரிலேயே கம்பியில் விநாடிதோறும் படித்து, 15 நிமிடச் சராசரியையும் மொத்தத்தையும் எழுதிவைத்து, ஒரு செய்தி 300 பைட் என்று வைத்து அனுப்பினால், ஒரு மீட்டருக்கு நாளுக்கு 29 கே.பி. மாதத்துக்கு ஒரு எம்.பி.கூட ஆகாது. தகவல் முன்னதைவிட நம்பகமாகவும் இருக்கும். டேட்டா தீர்ந்து சிம் நின்றுபோய் மாதக் கடைசி மூன்று நாள் வெறுமையாகக் கிடந்த அறிக்கைகளைப் பார்த்த பிறகும் ஏன் விநாடிக்கு ஒரு கேள்வி என்று இவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள்? கம்பி என்ற எண்ணம் மனதிலிருந்து போகாததால்தான்.

"அதெல்லாம் 2ஜி காலத்துக் கதைங்க, இப்ப 4ஜி, 5ஜி வந்திருச்சு" என்பது அடுத்த பதில். வேகம் கூடியது உண்மை. ஆனால் நம் இடங்களில் இணைப்பு அறுவது வேகம் குறைவதால் அல்ல. மோடத்தை இரும்புப் பேனலுக்குள் வைத்து, ஆன்டெனாவையும் உள்ளேயே சுருட்டிவைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். இரும்புப் பெட்டிக்குள் எந்த ஜியும் வராது. பேனல் இருப்பதோ தகரக் கூரைக்கு அடியில். நீராவியும் அமிலப் புகையும் அலையும் இடத்தில் ஆன்டெனாவின் திருகுமுனை ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடுகிறது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை மோடம் அணைந்து மறுபடி எழுகிறது. நீண்ட மின்வெட்டில் டவரின் பேட்டரியும் தீர்கிறது. இரண்டு கம்பெனி சிம் போட்டால் தப்பிக்கலாம் என்பார்கள். பல ஊர்களில் இரண்டு கம்பெனிகளும் ஏறி உட்கார்ந்திருப்பது ஒரே டவரில். எங்கள் மலையடிவாரத்தில் வீட்டு வாசலில் நின்றால் சிக்னல் உண்டு, அடுப்படிக்குப் போனால் இல்லை. அதே சிக்னலைத்தான் ஒரு மோடமும் பிடிக்க வேண்டும். அதற்கு வாசலுக்கு நடந்து போகத் தெரியாது.

2018-ஐ மறந்துவிட்டோமா? 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், இங்கே எத்தனை வீடுகளின் எண்ணாக இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அதன் டவர்கள் அணைந்தன; எண்ணை மாற்றிக்கொள்ள மக்கள் கடை வாசல்களில் கூட்டமாக நின்றார்கள்; மார்ச்சில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. மனிதர்கள் வரிசையில் நின்று சிம்மை மாற்றிக்கொண்டார்கள். பேனலுக்குள் இருந்த சிம்களுக்காக யார் வரிசையில் நிற்பார்? அதற்கு முன்பே 2016-இல் வந்த ஜியோ 2ஜி, 3ஜி எதையும் தராமல் நேராக 4ஜியோடு வந்தது. 2019-20 ஆண்டுகளில் ஏர்டெல் 3ஜியை நிறுத்தியது. ஆலையில் ஒரு பிஎல்சி பதினைந்து, இருபது ஆண்டு உழைக்கும். டவர் தொழில்நுட்பம் அந்தக் காலத்துக்குள் இரண்டு முறை மாறிவிடும். ஆலைக்குச் சொந்தமில்லாத, யாரோ வேறு கணக்குக்காக மாற்றவும் மூடவும் உரிமையுள்ள ஒன்றைக் கம்பி என்று எப்படி அழைப்பது?

கம்பி மனப்பான்மை கொண்டுபோய்விடும் மிக ஆபத்தான இடம் இனிமேல்தான் வருகிறது. சாதாரண சிம்முக்கு இணையத்தில் வெளியிலிருந்து அழைக்கக்கூடிய தனி முகவரி பெரும்பாலும் கிடையாது. ஆயிரக்கணக்கான சிம்கள் ஒரு பொது முகவரியின் பின்னால் நிற்கின்றன. வெளியிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் அந்த மோடத்தை அழைக்க முடியாது. அழைத்தே தீர வேண்டும் என்கிறவர்கள் கூடுதல் காசு கொடுத்து நிலையான முகவரி வாங்குகிறார்கள். பிறகு மோட்பஸ்ஸின் 502-ஆம் வாசலை இணையத்துக்கு அகலத் திறந்துவைக்கிறார்கள். சுலபம், அரை மணி வேலை. அந்த முகவரியைத் தட்டுகிற யாருக்கும், கேட்பவர் யார் என்று விசாரிக்கத் தெரியாத அந்தப் பழைய மொழி பதில் சொல்லும். எண்ணைப் படிக்க மட்டுமல்ல, எழுதவும் விடும். எழுத விடுவது என்றால் வால்வைத் திறக்கவும் பம்பை நிறுத்தவும் விடுவது.

நம் திருப்பூரை யார் தேடி வரப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிகிப்பா என்ற சின்ன ஊரின் குடிநீர் அமைப்பில், அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு யூனிட்ரானிக்ஸ் பிஎல்சியை வெளிநாட்டுக் கும்பல் கைப்பற்றியது. அந்த ஊரின் மீது அவர்களுக்கு ஒரு பகையும் இல்லை. அந்தக் கருவி எந்த நாட்டில் தயாரானது என்பதும், அது இணையத்தில் திறந்து கிடந்ததும் போதுமானதாக இருந்தது. இந்த வகைக் கருவியோடு வரும் கடவுச்சொல் 1111. நம் பேனல்களைத் திறந்து பாருங்கள். மோடத்தோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிய இடங்களை விரல்விட்டு எண்ணலாம்.

இன்னொன்று 2000-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் மரூச்சி. அங்கே கழிவுநீர் பம்ப் நிலையங்கள் ரேடியோவால் இணைக்கப்பட்டிருந்தன. அந்த அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், ஒரு மடிக்கணினியையும் ரேடியோவையும் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் உள்ளே புகுந்தார். ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காக்களிலும் ஆற்றிலும் பாய்ந்தது. நீர் கறுத்தது, உயிரினங்கள் செத்தன. இந்த நிகழ்வில் என்னை உலுக்கியது அவர் உள்ளே புகுந்த விதம் அல்ல. முதலில் எல்லாரும் அதைக் கருவிக் கோளாறு என்றும் தகவல்தொடர்புக் கோளாறு என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் 'சிக்னல் இல்லீங்க' என்று சொல்வதைத்தான் அவர்களும் தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இணைப்பு அறுவது அன்றாடப் பழக்கமாகிவிட்ட இடத்தில், அறுத்தது காற்றா கையா என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போகிறது.

திருப்பூரில் 'சிக்னல் இல்லை' என்ற இந்தச் சொல் இரு பக்கமும் வெட்டுகிறது. சர்வரில் ஆறு மணி நேரம் வெறுமை தெரிந்தால், இராத்திரியில் ஆர்ஓ ஒதுக்கித் தள்ளிய ரிஜெக்ட் தண்ணீரை ஓடையில் விட்டார்கள் என்று ஊர் சொல்லும். நேர்மையாக நடத்துகிற நிலையத்தார் கையில் மறுக்க ஆதாரம் இருக்காது. உண்மையிலேயே விட்டவருக்கோ 'நெட்வொர்க் பிரச்சினை' என்ற மூன்று நொடிப் பதில் போதும். நல்லவனைக் காக்காமலும் கெட்டவனைப் பிடிக்காமலும் இருக்கிற கண்காணிப்பு எதற்கு?

செய்ய வேண்டியது என்ன என்பது எங்களைப் போல வேலை செய்பவர்களுக்குத் தெரியாத ரகசியமில்லை. எங்கள் பக்கத்து விவசாயிகள் பல வருடங்களாக அதைச் செய்கிறார்கள். உடுமலை, மடத்துக்குளம் தோப்புகளில் கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள். வீட்டுத் திண்ணையிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். ஆனால் ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டாரை நிறுத்துவது ஃபோன் அல்ல, பெட்டிக்குள் இருக்கும் ஃபேஸ் காப்பு. கிணறு வற்றினால் நிறுத்துவதும் அந்தப் பெட்டிதான். சிக்னல் இல்லாத இராத்திரியிலும் மோட்டார் எரியாது. பூளவாடிப் பக்கத்துக் காற்றாலைகளும் அப்படியே: காற்று அளவு மீறினால் இறக்கையைத் திருப்பி நிறுத்துவதற்கு அவை எந்த அலுவலகத்தின் உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. காவல் இடத்திலேயே இருக்க வேண்டும். டவர் வழியே போவது சேதி மட்டும். இதே பாடத்தைக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய நிலையங்களில் மறந்துவிட்டு, தொட்டி மட்டத்தைச் சர்வர் பார்த்துப் பம்ப்பை நிறுத்தச் சொல்லும்படி அமைத்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வழிந்த கழிவின் கறை சுவரில் இன்னும் இருக்கிறது.

காவலுக்குச் சொன்னது கணக்குக்கும் பொருந்தும். அளக்கிற இடத்திலேயே, அளந்த நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். வழி இருக்கும்போது அனுப்ப வேண்டும். அறுந்தால் சேர்த்துவைத்து, திரும்பியதும் விடுபட்டதை முதலில் அனுப்ப வேண்டும். கேட்டு வாங்குவதை விட்டுவிட்டு, இடத்திலிருந்தே சொல்லவைக்க வேண்டும். அப்போது வெளியிலிருந்து யாருக்கும் வாசலைத் திறந்துவைக்கத் தேவையில்லை. இதற்கான மொழிகள் புதிதல்ல. மின்வாரியங்களுக்காக 1993-இல் வந்த டிஎன்பி3, ஒவ்வொரு நிகழ்வையும் அதன் நேரத்தோடு சேர்த்துவைத்துச் சொல்லும். எம்க்யூடிடி 1999-இல் வந்தது. ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கினார்கள். இணைப்பு விலை அதிகம், அடிக்கடி அறும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு பிறந்த மொழி அது. அதில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று உண்டு. கருவி இணையும்போதே, 'என் பேச்சு நின்றுபோனால் எல்லாருக்கும் இதைச் சொல்லுங்கள்' என்று ஒரு கடைசிச் செய்தியை மறுமுனையில் ஒப்படைத்துவிடலாம். இணைப்பு அறுந்தால் அந்தச் செய்தி தானே வெளியாகும். உயில் மாதிரி, ஆங்கிலத்திலும் அதற்கு உயில் என்றே பெயர். அந்த ஒரு வசதியை அமைத்திருந்தால் பிரித்துப்போட்ட மோட்டாருக்குப் பக்கத்தில் 38.4 பச்சையாக எரிந்திருக்காது.

செலவு தாங்காது என்று சொல்லாதீர்கள். மீட்டருக்கும் டவருக்கும் நடுவே வைக்க இப்போது சந்தையில் விற்கும் கேட்வே பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் சேமிக்க இடமும் எம்க்யூடிடியும் ஏற்கெனவே இருக்கின்றன. அமைப்புப் பக்கத்தில் அந்தக் கட்டத்தைத் தொடாமலே விட்டிருக்கிறார்கள். மிச்சம் வேண்டியது ஆன்டெனாவை வெளியே ஏற்ற நாலு மீட்டர் கேபிள், மோடத்துக்கு ஒரு சின்ன பேட்டரி, பேச்சு நின்றால் மோடத்தை அணைத்து எழுப்பும் ஒரு டைமர். ஒரு ஷிப்ட் சாயத்தின் விலை ஆகாது.

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. வாரியத்துப் பக்கம் இருப்பவர்கள் சொல்வது. அதை நான் மதிக்கிறேன். ஆலைக்குள்ளேயே சேமித்துப் பிறகு அனுப்பலாம் என்று விட்டால், நடுவில் எண்ணைத் திருத்திவிட மாட்டார்களா? நேரடியாக வந்தால்தானே சுத்தம்? நியாயமான பயம். ஆனால் நேரடியாக வருகிற எண்ணும் அதே ஆலைக்குள் இருக்கிற பெட்டியிலிருந்துதான் வருகிறது. திருத்த நினைப்பவருக்கு வந்துசேரும் வேகம் தடையல்ல. தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஃப்ளோ மீட்டருக்குள் ஒரு மொத்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், வீட்டு மின்மீட்டரைப் போல. அது மோடத்தைச் சார்ந்ததில்லை. ஆறு மணி நேரம் டவர் செத்தாலும் அது எண்ணுவதை நிறுத்தாது. இப்போது பல இடங்களில் அந்த மொத்தத்தை அனுப்பாமல், அந்தந்த நொடியின் ஓட்டத்தை மட்டும் அனுப்பி, மொத்தத்தைச் சர்வரில் கூட்டிக்கொள்கிறார்கள். இணைப்பு அறுந்தால் அந்த நேரத் தண்ணீர் கணக்கிலேயே இல்லை. மீட்டரின் சொந்த மொத்தத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் கேளுங்கள். அளந்த நேரம், வந்துசேர்ந்த நேரம் இரண்டையும் கேளுங்கள். வெறுமைக்கு முன்னிருந்த மொத்தமும் பின்னிருந்த மொத்தமும் இடையில் வந்த பதிவுகளும் ஒத்துவர வேண்டும்.

இன்னும் உறுதியாக வேண்டுமென்றால், கழிவை வெளியே விடாத நிலையத்துக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே வந்த கழிவுநீர் ஒரு மீட்டரில் தெரியும். ஆர்ஓவில் மீண்டு பட்டறைக்குத் திரும்பிய நீர் இன்னொன்றில். எவாப்பரேட்டரில் ஆவியாகிக் குளிர்ந்து வந்தது மூன்றாவதில். மீண்ட உப்பு மூட்டைக் கணக்கில். ஒரு மீட்டரை ஏமாற்றலாம். மூன்று மீட்டரையும் உப்பையும் எவாப்பரேட்டரின் நீராவிச் செலவையும் ஒரே பொய்க்கு ஒத்துவரும்படி மாதக்கணக்கில் நடத்துவது மிகக் கடினம். மீட்டருக்கு முன்னாலேயே தனிக் குழாய் போட்டுத் திருப்புகிறவரையும் இந்தக் கணக்குத்தான் காட்டிக்கொடுக்கும். எந்த மோடமும் காட்டிக்கொடுக்காது. ஆனால் இந்தக் கணக்கைப் போட, நாள் முழுவதற்குமான அறுபடாத பதிவு வேண்டும். நொடிக்கு நொடி மினுங்குகிற திரை அதற்கு உதவாது.

கரூருக்குப் போகும் எங்கள் அமராவதி ஆறும் சாயம் பார்த்த ஆறுதான். அணையில் மட்டம் 90 அடி என்று செய்தி வந்தால் ஊரே மகிழும். அந்த மட்டத்தைப் படிப்பவர் அளவுகோலின் எதிரே நின்று, மணியையும் அடியையும் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் மேலே தெரிவிப்பார். ஃபோன் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டம் எழுதப்படாமல் போனதில்லை.

நான் இப்போது வேலை ஒப்புக்கொள்ளும்போதே ஒரு சோதனையையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பில்லில் கையெழுத்துப் போடுமுன் முதலாளி முன்னிலையில் ஆன்டெனாவைக் கழற்றி இரண்டு மணி நேரம் வைப்பது. இந்த ஐப்பசியில் ஒரு நிலையத்தில் மழைக்கு நடுவே காலை பத்து மணிக்குக் கழற்றினோம். கொஞ்ச நேரத்திலேயே திரையின் பச்சை எல்லாம் சாம்பல் நிறமாகி, எண்களுக்குக் கீழே 'கடைசியாக வந்தது 10.00' என்று வந்தது. முதலாளிக்கு முகம் வாடிவிட்டது, "கெட்டுப்போச்சுங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லீங்கண்ணா, இருங்க என்றேன். பன்னிரண்டு மணிக்குத் திருகிவிட்டோம். ஷிப்ட்டில் இருந்த பெண் ஆபரேட்டர் திரை முன்னே வந்து நின்று, வெறுமையாக இருந்த இடத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுவதை விரலால் எண்ணினார். எட்டுக் கால்மணிகள், எட்டுப் புள்ளிகள். பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு மீட்டர் வரைக்கும் நடந்துபோய், அதன் முகத்தில் இருந்த மொத்தத்தை நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பி வந்து, திரையில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் நோட்டைப் பிடித்துப் பார்த்தார்.